சின்னச் சட்டித் தயிர்

பிள்ளை,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. படலையில் தபால்காரனின் மணிச் சத்தம் கேட்டதும், உன் அம்மா எந்த பஸ்ஸில் திரும்பி வருகிறாள் என்று எழுதியிருப்பாய் என நினைத்து, எருமைக்கு உதறிப் போட்ட வைக்கோலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். நீ எழுதியிருப்பது வேறு. மருமகனுக்குக் காய்ச்சல் முற்றாக விட்டுவிட்டதாம். அம்மாவின் தயிர் இருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்குகிறதாம். ஆனால் அங்கே உறைமோர் பழுதாகிவிட்டதாம். இங்கே நான் காத்து வைத்திருக்கும் உறையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையளவு பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டுமாம். அம்மாவின் வரவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பின்பக்கத்தில் ஏதும் இருக்கிறதா என்று கடிதத்தைத் திருப்பியும் பார்த்தேன்.

இதற்கு நான் எழுதும் பதிலை நீ உனக்குள்ளேயே வாசி. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாததால் என் கடிதங்களை நீ உரத்து வாசித்துக் காட்டுவது எனக்குத் தெரியும். இதைக் காட்டாதே. உன் கணவருக்கு முன்னால் வாசிக்கவே வாசிக்காதே.

உன் அப்பா பொறாமைக்காரன். மறைத்துப் பயனில்லை, உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அது எங்கே தொடங்கியது என்று தெரியாது. கலியாணம் முடிந்து முள்ளியவளையிலிருந்து ஒட்டுசுட்டானுக்கு மாட்டு வண்டியில் வந்தபோது உன் அம்மாவின் மடியில் ஒரு சிரட்டை இருந்தது. அதற்குள் தாய்வீட்டு உறைமோர். காட்டுப் பாதையில் வண்டி பள்ளத்தில் விழுந்து விழுந்து எழும்பியது. புதுப்பெண் பயந்து என்னைப் பிடித்துக்கொள்வாள் என்று நான் தோளைச் சரித்துக்கொண்டு இருந்தேன். அவள் இரண்டு கையாலும் சிரட்டையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் பேசிய முதல் பேச்சு, "பால் கிடக்கோ? உறை கனக்கப் புளிச்சுப் போகப்போகுது" என்பதுதான். எனக்குப் பசிக்கிறதா என்று பிறகுதான் கேட்டாள். ஒரு கரண்டி மோரைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்படுவானா என்று நீ நினைக்கலாம். நான் பட்டேன்.

அந்த உறையை அவள் வைத்திருந்த விதம் உனக்குத் தெரியும். பாலைப் பொங்கி அடங்கக் காய்ச்சுவாள். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை பக்கத்தில் இருப்பாள். சட்டிகளைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதுவும் போதாதென்று அடுப்புத் தணலுக்கு மேல் கவிழ்த்துச் சூடுகாட்டி எடுப்பாள். உறை இருக்கும் கறுப்புச் சட்டிக்கென்று தனி அகப்பை. அதில் ஈரக்கை படக்கூடாது. நீ ஒரு நாள் மாங்காய் தின்ற கையை அதற்குள் விட்டு வாங்கிய அடி உனக்கு மறந்திருக்காது. விற்கப் போகும் சட்டிகளெல்லாம் ஒரே அளவு. ஒன்று மட்டும் சிறியது, விளிம்பில் பல் விழுந்ததுபோல் ஒரு உடைவு உள்ளது. அந்தச் சின்னச் சட்டி விற்பனைக்குப் போகாது. பாலின் ஆடை முழுவதும் அதற்குள்தான் விழும், அது எனக்கு. அதில் பங்கு கேட்டு நீ அழுத நாட்களில், "அது அப்பான்ரை" என்பாள் அம்மா. நான் உன்னைப் பார்த்துச் சிரித்தபடி வழித்துச் சாப்பிட்டிருக்கிறேன். சின்னப் பிள்ளையிடம் வென்ற வெற்றி, ஆனாலும் வெற்றிதான்.

சந்தியில் கடை வைத்திருக்கும் மீரானை உனக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீரூற்று ஊர்க்காரன். எங்கள் தயிரை வாங்கி முல்லைத்தீவுக்கு பஸ்ஸில் ஏற்றுபவன். ஒரு நாள் கடைவாசலில் ஆட்கள் நிறைந்திருக்க, "அக்காவின்ரை கையிலை என்னவோ இருக்குது. கவிட்டுப் பிடிச்சாலும் இந்தத் தயிர் விழாது" என்று சட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினான். தயிர் விழவில்லை. எனக்குத்தான் முகம் கறுத்துவிட்டது. புல்லுக்கு அலைவது நான். முதலை கிடக்கிற குளத்தில் இறங்கி எருமையைக் கரையேற்றுவது நான். யானை வந்த இராத்திரிகளில் தீப்பந்தத்தோடு கொட்டிலைச் சுற்றி வந்தது நான். என்னவோ இருப்பது மட்டும் அவள் கையிலாம். அடுத்த கிழமை மீரானின் மனைவி ராபியா கொஞ்சம் உறை கேட்டுச் சிரட்டையோடு வந்தாள். அம்மா எழும்பும் முன் நான் முந்திக்கொண்டேன். "விளக்கு வைச்சாப்பிறகு உறை குடுக்கிறேல்லை, தங்கச்சி."

ராபியா வானத்தைப் பார்த்தாள். உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "சரி அண்ணை, விளக்கு அணைஞ்சாப்பிறகு வாறன்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அன்றைக்கே அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டு உறை இந்தப் படலையைத் தாண்டக் கூடாது. எங்கள் ருசி இன்னொரு வீட்டுக் குசினியில் இருப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது. அம்மா "ஓம்" என்றாள். அவ்வளவு சுருக்கமாக அவள் ஓம் சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவனுக்கு நீ ஒரு விஞ்ஞான வாத்தியாரை மருமகனாகக் கொண்டுவந்தாய். கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் பொங்கலுக்கு அவர் விறாந்தையில் என்னோடு இருந்து கதைக்காமல், கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். "மாமி, உந்தத் தயிருக்குள்ளை இருக்கிறது உயிர். கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிருகள். அதுகள்தான் பாலைப் புளிக்க வைக்கிறது. நல்லதுகள் இடம்பிடிச்சுப் புளிச்சிட்டால் கனக்கக் கெட்ட கிருமியள் பெருக ஏலாது. ஆனால் எல்லாத்தையும் தடுக்கும் எண்டு நம்பேலாது. அதுக்குத்தான் முதலிலை பாலைக் காய்ச்சுறது" என்று வகுப்பு எடுத்தார். அம்மா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "உயிரெண்டோ, தம்பி? உறையைச் சாகவிடக் கூடாதெண்டு நான் எப்பவும் சொல்லுறனான். சும்மா வாயிலை வாற கதையெண்டுதான் நினைச்சிருந்தன்" என்றாள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருசம் கூட இருந்தும் அவளுக்கு அப்படி ஒரு முகம் வரும்படி நான் எதையும் சொன்னதில்லை. அன்றைக்குச் சாப்பாட்டில் அவருக்கு இரண்டாம் தரமும் தயிர் விட்டாள். என் சின்னச் சட்டியிலிருந்து.

அவருக்கு டைபாயிட் எனும் நெருப்புக் காய்ச்சல் என்று நீ செய்தி அனுப்பியபோது நானும் பயந்தேன், அதில் பொய்யில்லை. திருவிழாவில் யாரோ குளத்துத் தண்ணீரைக் காய்ச்சாமல் ஊற்றிக் கரைத்த மோரைக் குடித்ததால் வந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரி அப்போதிக்கரி சொன்னதாக எழுதியிருந்தாய். மோரின் மேல் பழி வந்தது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மோரிலை பிழையில்லை, பச்சைத் தண்ணியிலைதான் பிழை" என்று தனக்குள் பேசிக்கொண்டே சேலைகளை மடித்து வைத்தாள். காய்ச்சல் விட்டபின் கொடுக்க வேண்டும் என்று கறுப்புச் சட்டி உறையில் பாதியைச் சிரட்டையில் எடுத்தாள். மீதியை என்னிடம் விட்டாள். "ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி எடுத்துப் புதுப்பாலிலை விடுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம். விட்டுட்டியள் எண்டால் செத்துப்போம்" என்றாள். மாங்குளம் பஸ்ஸில் ஏறி, சிரட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கலியாண வண்டியில் பிடித்த அதே பிடி. நான் கீழே நின்று கை காட்டினேன். திருப்பிக் காட்ட அவளுக்குக் கை இல்லை.

அடுத்த நாள் சின்னச் சட்டியைக் காணவில்லை. குசினி, அடுக்கு, கோடிப்புறம், எருமைக் கொட்டில் எல்லாம் தேடினேன். பிறகு விளங்கியது. அதையும் பூநகரிக்கு உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள், மருமகனுக்கு உறைய வைக்க. அந்த எண்ணம் ஒரு முள்ளுப்போல் ஏறி நின்றுவிட்டது. அதற்கு மேல் உன் முந்தின கடிதம் வேறு. "அம்மா ஆடையை இவருக்கெண்டு எடுத்து வைக்கிறா, இவர் கொஞ்சம் கொஞ்சமாய்த் தேறுறார்" என்று நீ சந்தோசமாக எழுதியிருந்தாய். படுக்கையில் கிடக்கிற ஒரு நோயாளியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன், பிள்ளை. எனக்கும் ஒரு காய்ச்சல் வராதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கல்லுப்போல் இருந்தேன்.

அவள் அங்கே அவருக்கு ஊட்டுகிறாள், நான் இங்கே அவளுடைய சட்டிக்கு ஊட்ட வேண்டுமா என்று நினைத்துக் கறுப்புச் சட்டியை மூடிப் பரணில் வைத்தேன். பிறகு அதைத் தொடவில்லை. தயிர் இல்லாமல் சோறு இறங்க மறுத்தபோது எடுத்துத் திறந்தேன். மேலே பச்சையும் கறுப்புமாய்ப் பூஞ்சணம். நாற்றத்தில் தலை சுற்றியது. கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் கோடியில் கொட்டிப் புதைத்தேன். பிறகு புளி போட்டு உறைய வைத்துப் பார்த்தேன், பால் திரிந்தது. மிளகாய்க் காம்பு போட்டுப் பார்த்தேன், கரண்டியில் எடுத்தால் சளிபோல் நூல் விட்டது. அந்தப் பாலை நான் காய்ச்சவும் இல்லை. காய்ச்சுவது அவளுடைய வீண் பெருமை என்று நினைத்தேன். அதையும் பிடிவாதத்தில் சோற்றில் விட்டுச் சாப்பிட்டு வயிற்றால் போய், எழும்ப முடியாமல் கிடந்தேன். உனக்கு மட்டும் "உறை சுகம்" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

எனவே உனக்கு அனுப்ப இங்கே ஒன்றும் இல்லை. உறையை நான் சாகவிட்டுவிட்டேன்.

உன் கடிதத்தில் ஓர் இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அகப்பையைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி ஈரத்தோடு உறைக்குள் விட்டது நீதான் என்றும், மறுநாள் மேலே சிவப்பாய்ப் படை பிடித்திருந்தது என்றும் எழுதியிருக்கிறாய். படையை வழித்துவிட்டு அடியில் உள்ளதை எடுக்கலாமே என்று நீ கேட்டதற்கு அம்மா விடவில்லையாம். "நெருப்புக் காய்ச்சல் கிடந்து எழும்பின குடல். சந்தேகத்தோடை ஒண்டும் உள்ளை போகப்படாது" என்று அவ்வளவையும் கொட்டி, சட்டிகளைக் கொதிதண்ணீரில் போட்டாளாம். அதில் அவள் செய்தது சரி, நீ பேச்சு வாங்கியதும் சரி. நீயும் ஒரு குசினியை ஆளுகிறவள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கூடக் கவனமாயிரு. ஆனால் கொட்டிவிட்டு அவள் சொன்னதாக நீ எழுதியிருக்கிறாயே, "பயப்பிடாதை, வீட்டிலை அப்பா வைச்சிருக்கிறார்" என்று. அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. இனி அவள் இங்கே வந்து வெறும் கறுப்புச் சட்டியைப் பார்த்தால் என்ன முகத்தோடு நிற்பேன்? பார்த்துவிட்டு, இந்த மனுசனை நம்பி என்ன இருக்கிறது என்று மகளோடேயே இருந்துவிட்டால்?

நேற்று இந்த இடத்தில் எழுத்தை நிறுத்தினேன். இன்று நடந்ததையும் எழுதுகிறேன்.

காலையில் ஒரு வெறும் சிரட்டையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு சந்திக்குப் போனேன். மீரானின் கடையில் ராபியா போடும் தயிரும் விற்கிறார்கள் என்றால் அவர்கள் வீட்டில் உறை இருக்கத்தானே வேண்டும். ஊரெல்லாம் அதைப் புளிச்ச தண்ணீர் என்று சொல்லித் திரிந்தவன் நான். அந்தப் புளிச்ச தண்ணீரில் கொஞ்சம் வாங்கி, எங்கள் வீட்டு உறை என்று சொல்லி உனக்கு அனுப்பிவிடுவதுதான் யோசனை. பொய்தான். ஆனால் மருமகனுக்குத் தயிர் கிடைக்கும், அம்மாவுக்கு நான் நல்லவனாக இருப்பேன்.

ராபியா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, "வந்திட்டியளோ அண்ணை! உள்ளுக்கு வாங்கோ" என்றாள். நான் வாய் திறக்கும் முன் குசினிக்குள் போனாள். திரும்பி வந்து கதிரைக்கு முன்னால் ஒரு சட்டியை வைத்தாள். சின்னச் சட்டி. விளிம்பில் பல் விழுந்த உடைவு. நிறையத் தயிர், ஆடை கலையாமல்.

"இது என்ரை சட்டியெல்லோ?"

"ஓம். அக்கா போற அண்டைக்குக் கொண்டுவந்து தந்தவா. ஒவ்வொரு நாளும் இதுக்குள்ளை உறைய வைக்கச் சொன்னவா. வருவியள் வருவியள் எண்டு மத்தியானம் வரைக்கும் பாத்திட்டுப் பிறகு பிள்ளையளுக்குக் குடுக்கிறனான்."

"உறை?"

"உங்கடை வீட்டு உறைதான்." அவள் தலைச்சேலையை இழுத்து வாயை மறைத்துக்கொண்டாள். "நீங்கள் விளக்கு வைச்சாச்செண்டு சொன்னியளே, அண்டைக்குப் பின்னேரமே அக்கா கொண்டுவந்து தந்திட்டா. இந்த ஒழுங்கையிலை எல்லா வீட்டிலையும் அதுதான் அண்ணை."

எல்லா வீட்டிலும்! நான் காவல் காத்த படலையால் அது எப்போதோ வெளியே போய், ஊருக்குள் குடியிருந்திருக்கிறது. நான் புளிச்ச தண்ணீர் என்று பேசியதெல்லாம் என் பெண்சாதியின் தயிரை. எனக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்ததை அவள் ஒழுங்கை முழுவதற்கும் பங்கு போட்டிருக்கிறாள் என்று வயிறு பற்றி எரிந்தது. எரிந்துகொண்டே கேட்டேன், "அப்ப ஏன் கொண்டுவந்து தரேல்லை?"

"அக்கா வேண்டாமெண்டவா. 'கொண்டுபோய்க் குடுத்தால், உறையை வெளியிலை விட்டிட்டன் எண்டு சட்டியைப் போட்டு உடைப்பார். கறுப்புச் சட்டியும் அவரிட்டைத் தங்காது. நாக்குச் செத்துத் தானாக் கேட்டு வரட்டும், நீ மட்டும் இதைக் கைவிடாதை' எண்டு சொன்னவா."

அந்த வீட்டில் நான் ஒரு நாளும் கை நனைத்ததில்லை. இன்று நனைத்தேன். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, அவள் தயிர்தான். இடையில் எங்கோ அழுகை வந்துவிட்டது. மீரான் கடைப்பக்கமிருந்து எட்டிப் பார்த்தான். திரும்பிப் போய் வானொலியைச் சத்தமாக வைத்தான். நான் அழுதுகொண்டும், ஒழுங்கையில் உள்ள ஒவ்வொரு வீட்டின் மேலும் எரிச்சல்பட்டுக்கொண்டும் சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

வரும் வழியில்தான் யோசித்தேன். உறை என்னிடம் தங்காது என்று தெரிந்தவள், "அப்பா வைச்சிருக்கிறார்" என்று ஏன் உன்னை எழுத வைத்தாள்? நான் ராபியாவின் வீட்டுப் படியேற வேண்டும் என்றுதான். சாகவிட்டால் எங்கே போய் நிற்பேன், எதற்காக என்றால் போவேன், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பூநகரியில் மருமகனுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டே, நான் பட்டினி கிடக்காமல் ஒவ்வொரு நாளும் இங்கே எனக்குத் தயிர் உறைய வைத்திருக்கிறாள். நான்தான் போய்ச் சாப்பிடவில்லை.

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், கிடக்கட்டும். வாசிக்காதே என்று நேற்றுச் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். அம்மாவுக்கு எல்லாவற்றையும் உரத்து வாசித்துக் காட்டு. பூஞ்சணம் பிடித்ததையும் விடாதே. மருமகனும் கேட்கட்டும். இதை நானே கையில் கொண்டுவருகிறேன், முகத்தைப் பார்த்து இவ்வளவும் சொல்ல எனக்கு வராது. நான் கிணற்றடியில் கால் கழுவும்போது நீ வாசி.

எருமைகளைப் பார்த்துக்கொள்வதாக மீரான் சொல்லியிருக்கிறான். நாளைக் காலை பஸ்ஸில் மாங்குளம் வந்து, பரந்தனில் மாறி வருகிறேன். ராபியா தந்த உறையைச் சிரட்டையில் வைத்து வாழையிலையால் மூடிக் கட்டியாயிற்று. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் வருவேன், வழியில் தெரிந்தவர்கள் கண்டால் கை காட்டவில்லை என்று குறை நினைக்கக் கூடாது. இதை வாசித்து முடித்ததும் பாலைக் காய்ச்சி ஆறவை. சின்னச் சட்டியும் வருகிறது. மருமகன் முதலில் அதில் சாப்பிடட்டும், அவர் தேறவேண்டியவர்.

அம்மாவை உடனே கூட்டிக்கொண்டு போக வரவில்லை. அவருக்கு முழுதாய்ச் சுகம் வரும்வரை அவள் அங்கே நிற்கட்டும், நானும் நிற்கிறேன். அவள் அவருக்கு ஆடை எடுத்து விடுவதைப் பார்த்தால் எனக்கு எரியத்தான் செய்யும், இந்த வயதில் அது மாறாது. இங்கே தனியாக இருந்து எரிவதைவிட, அவள் இருக்கிற வீட்டில் வந்து எரிகிறேன்.

உன் அப்பா